பல் முளைப்பதாலா, வைரஸாலா? பத்து மாசக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு

கேள்வி: ஜூன் 3, இரவு 11.20

பத்து மாசப் பையன். நேற்றுக் காலை இரண்டு தடவை வாந்தி எடுத்தான், மத்தியானம் காய்ச்சல் 38.4. அப்போதிருந்து தண்ணி தண்ணியாகப் போகிறது, இன்றைக்கு மட்டும் எட்டுத் தடவை. மேல்பல் முளைக்கிறது, அதனால்தான் என்கிறார் மாமியார். பக்கத்துக் கிளினிக்கில் ஆண்டிபயோட்டிக் கொடுத்தார்கள், அப்படியும் நிற்கவில்லை. பாலை நிறுத்திவிட்டு பார்லித் தண்ணி கொடு என்கிறார்கள். பேதியை நிறுத்துகிற நல்ல மருந்து ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். நாங்கள் மலேசியாவில் பட்டர்வொர்த்.

ஜூன் 3, இரவு 11.40

தங்கச்சி, மருந்தை அப்புறம் பேசுவோம். கடைசியாக எப்போது மூத்திரம் போனான்? அழும்போது கண்ணீர் வருகிறதா? கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கிறானா? முதலில் இதைச் சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் இப்போதே ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்த பொட்டலம்) தண்ணியில் கலந்து கொடுக்க ஆரம்பியுங்கள். புட்டியில் ஊற்றி நீட்டினால் தாகத்தில் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே வாந்தி எடுப்பான். டீஸ்பூனில் கொடுங்கள், இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் தொடங்குங்கள். தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால் நிறுத்தவே வேண்டாம்.

ஜூன் 4, காலை 6.15

ஐந்து மணிக்கு பேம்பர்ஸ் நனைந்திருந்தது, கண்ணீரும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இனி நிதானமாகப் பேசலாம்.

நான் பினாங்கில் பிள்ளைகள் வார்டில் வருஷக்கணக்காகத் தாதியாக இருந்தவள். இப்போது ஓய்வு. வாந்தி முதலில், அடுத்து காய்ச்சல், அப்புறம் தண்ணியாகப் பேதி என்று இந்த வரிசையில், இந்த வயசில், ரத்தம் இல்லாமல் வந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ், குடலைத் தாக்கும் அடினோ வைரஸ் (40, 41 என்று எண் போட்ட இரண்டு வகை), ஆஸ்ட்ரோ வைரஸ், சாப்போ வைரஸ். கைக்குழந்தைகளைப் படுக்கப் போடுவதில் முதல் ஆள் ரோட்டா. உங்கள் பையனுக்கு எது என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. சொன்னாலும் செய்ய வேண்டியது மாறாது. வார்டில் மலத்தை எடுத்து ரோட்டா சோதனைக்கு அனுப்புவோம். முடிவு வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் தேறி பிஸ்கட் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆண்டிபயோட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை அது தொடாது. அந்த மருந்தே சில பிள்ளைகளுக்கு வயிற்றை இன்னும் இளக்கிவிடும். மலத்தில் ரத்தம் வந்தாலோ காலராவாக இருந்தாலோ அது வேறு பேச்சு. உங்கள் பையனுக்குக் கொடுத்த மருந்து எதற்காக என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள், காது, தொண்டை என்று வேறு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் பேதி நிற்கவில்லையே என்று இரண்டாவது ஆண்டிபயோட்டிக் தேடி இன்னொரு கிளினிக்குக்கு ஓடாதீர்கள்.

ஜூன் 4, காலை 6.25

பார்லித் தண்ணியைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன், அது வேண்டாம். இங்கே நாம் போடுகிற பார்லியில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். அவ்வளவு இனிப்பு குடலுக்குள் போனால் உடம்பில் இருக்கிற தண்ணியையும் குடலுக்கு இழுத்துப் பேதியைக் கூட்டும். டின்னில் வருகிற ஐசோடோனிக் பானம், ரிபெனா, பாக்கெட் ஜூஸ் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

ஜூன் 4, இரவு 10.05

"அப்படியானால் நிறுத்த மருந்தே கிடையாதா?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இதைத்தான் நான் விளக்கமாக எழுத நினைத்தேன்.

சிறுகுடலின் உள்சுவர், குளித்துத் துவட்டுகிற துண்டைப் போல, சின்னச் சின்ன இழைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இழைகளின் நுனியில் இருக்கிற செல்கள்தான் சாப்பாட்டையும் தண்ணியையும் உறிஞ்சுகின்றன. ரோட்டா நேராகப் போய் அந்த நுனி செல்களுக்குள் புகுந்து பெருகும், செல்கள் உதிர்ந்துவிடும். உறிஞ்ச ஆள் இல்லாததால் குடித்தது அப்படியே கீழே போகிறது. அது போதாதென்று அந்த வைரஸ் ஒரு நச்சுப் புரதத்தையும் வெளியிடுகிறது, அது குடலைத் தண்ணி சுரக்க வைக்கும். 1996-ல்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இழைகளின் அடியிலிருந்து புது செல்கள் ஏறி வர சில நாள் பிடிக்கும். அவை வந்ததும் பேதி தானாக நிற்கும். வெளியிலிருந்து எந்த மாத்திரையைப் போட்டும் அந்தச் செல்களை நாளைக்கே வளர வைக்க முடியாது. குடல் அசைவை மடக்குகிற மாத்திரைகள் இருக்கின்றன, பெரியவர்கள் பயணத்தில் போட்டுக்கொள்வது. குழந்தைக்கு அவை ஆபத்து. பேதி நின்ற மாதிரி தெரியும், வயிறு வீங்கிப்போகும், உள்ளே தண்ணி தேங்கி நிற்கும். சீன மருந்துக்கடை உருண்டை மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் வேண்டாம். ஒரு வயசுக்குள் தேனே கூடாது.

அப்படியானால் ஓ.ஆர்.எஸ். மட்டும் எப்படி உள்ளே போகிறது? சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கிற ஒரு வழி குடல் செல்களில் இருக்கிறது. அடிபட்ட குடலிலும் அந்த வழி ஓரளவு வேலை செய்யும், அதன் பின்னாலேயே தண்ணியும் போகும். உப்பு மட்டும் போட்டாலும் சர்க்கரை மட்டும் போட்டாலும் இது நடக்காது. 1971-ல் வங்காளதேசப் போரில் அகதிகள் எல்லை தாண்டி வந்து முகாம்களில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, மேற்கு வங்காளத்துப் பங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் டிரிப் பாட்டில் தீர்ந்துபோய் இந்த உப்பு-சர்க்கரைத் தண்ணியை டிரம்மில் கலந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். சாவு 30 விழுக்காட்டு அளவிலிருந்து 4-க்கும் கீழே இறங்கியது. அது பாக்டீரியா, இது வைரஸ். ஆனால் உயிரை எடுப்பது இரண்டிலும் உடம்பு வற்றிப்போவதுதான். அதனால்தான் காசு கொடுத்தால் சில்லறை மிச்சம் வருகிற அந்தப் பொட்டலத்தை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்.

ஜூன் 5, காலை 7.10

ஒருவர் "பாதித் தண்ணியில் கலந்தால் ஸ்ட்ராங்காக இருக்கும், சீக்கிரம் கேட்கும்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். உப்பு கூடிப்போனால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். பொட்டலத்தில் எத்தனை மில்லி போட்டிருக்கிறதோ அத்தனை, கொதித்து ஆறிய தண்ணி. சில பொட்டலம் 200 மில்லிக்கு, சிலது 250-க்கு, சிலது ஒரு லிட்டருக்கு. படித்துப் பார்த்துக் கலக்குங்கள். பால், மிலோ, சர்க்கரை எதையும் அதில் சேர்க்கக் கூடாது. கலந்தது 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

அளவு கேட்டவருக்கு: இரண்டு வயசுக்குள் ஒவ்வொரு தடவை பேதி போன பிறகும் 50 முதல் 100 மில்லி. இரண்டு வயசுக்கு மேல் 100 முதல் 200.

ஜூன் 5, மதியம் 1.30

குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்புகிறானா? ஃபார்மசியில் ஊசி இல்லாத சிரிஞ்சு கிடைக்கும், 5 மில்லி. நடுநாக்கில் பீய்ச்சினால் குமட்டும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள், ஒரு மில்லி, அவன் விழுங்கட்டும், அப்புறம் அடுத்தது. வார்டில் பிறை என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். பேத்தியை மடியில் சாய்த்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஸ்பூன் ஸ்பூனாக விடிய விடியக் கொடுத்தார். டிரிப் போட நரம்பு கிடைக்காமல் நாங்கள் தவித்த குழந்தை அது. காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் குழந்தையின் வாயைத் தொட்டுப் பார்த்தார், எச்சில் ஈரம் திரும்பியிருந்தது. டிரிப் வேண்டாம், இப்படியே தொடருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவ்வளவு சரியாக ஓ.ஆர்.எஸ். கொடுத்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

ஜூன் 5, இரவு 9.50

பல் விஷயம். மாமியாரிடம் இதைக் காட்டிச் சண்டை போட்டுவிட்டேன் என்று ஒரு தங்கை எழுதியதைப் படித்து வருத்தமாகிவிட்டது. பெரியவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். பல் முளைக்கிற ஆறு மாசம் முதல் இரண்டு வயசு வரைதான் குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும், தவழும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் அப்போதுதான் குறைந்துகொண்டே வரும். ரோட்டா கடுமையாகத் தாக்குவதும் அந்த வயசில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்றால் மற்றது வந்தது போலத் தெரிகிறது. பல் வரும்போது எச்சில் கூடும், ஈறு நமைச்சலில் சிணுங்கும். மலம் கொஞ்சம் இளகினால்கூட நான் மறுக்க மாட்டேன். எட்டுத் தடவை தண்ணியாகப் போவதும் 38.4 காய்ச்சலும் பல்லால் வராது.

தோஷம் தட்டிவிட்டது, கோயிலில் திருநீறு போட வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள். போகிற வழியெல்லாம் சிரிஞ்சு கையில் இருக்கட்டும். ஓமத் தண்ணியில் குழந்தை இழந்த உப்பு இல்லை. இளநீரில் பொட்டாசியம் இருக்கும், சோடியம் போதாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி பரவாயில்லை, நல்லதுதான். பொட்டலம் வாங்கிவரும் வரைக்கும் அதைக் கொடுக்கலாம்.

ஜூன் 6, காலை 6.40

பையன் இன்றைக்கு நான்கு தடவைதான் போனானாம், காய்ச்சலும் இல்லையாம். படித்ததும் மனசு நிறைந்தது.

ஜூன் 6, இரவு 10.30

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது, பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. ஆறு மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் இல்லை, அழுகிறான் ஆனால் கண்ணீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, வாய் காய்ந்திருக்கிறது, தலை உச்சிக்குழி அமுங்கியிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையவில்லை, கை கால் சில்லென்று இருக்கிறது, துவண்டுபோய்க் கிடக்கிறான், எதைக் கொடுத்தாலும் குடிக்கவில்லை அல்லது குடித்ததெல்லாம் வெளியே வருகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள், நடுராத்திரியானாலும் சரி. மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, வலிப்பு இருந்தாலும் அப்படியே. விட்டு விட்டு வீறிட்டு அழுது காலை மடக்கிக்கொள்கிறான், நடுவில் வெளிறிப்போய் ஓய்கிறான் என்றால் அது குடலுக்குள் குடல் செருகிக்கொண்டதாக இருக்கலாம். அதற்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. ஆறு மாசத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் இவை வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

பெண் குழந்தைக்கு ஒரு குறிப்பு. பேதி தண்ணியாக இருக்கும்போது பேம்பர்ஸ் நனைந்திருப்பது மூத்திரத்தாலா பேதியாலா என்று தெரியாது. முன்பக்கமாக ஒரு பஞ்சுத் துண்டை வைத்துக் கட்டுங்கள். பஞ்சு மஞ்சளாக நனைந்திருந்தால் மூத்திரம். ரொம்ப அடர்த்தியான நிறமாக இருந்தால் தண்ணி போதவில்லை.

ஜூன் 8, மாலை 5.00

ஜெலுத்தோங்கிலிருந்து கேட்ட தம்பிக்கு. ஒரே ராத்திரியில் குழந்தை, மனைவி, அம்மா, தங்கை என்று வீடு முழுக்க வாந்தி, இரண்டு நாளில் எல்லோரும் எழுந்து நடமாடுகிறார்கள் என்றால் அது நோரோ மாதிரி தெரிகிறது. ரோட்டா முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளைப் பிடிக்கும், மூன்று முதல் எட்டு நாள் வரை இழுக்கும். நோரோவுக்கு வயசு வித்தியாசம் இல்லை. தொற்றி 12 முதல் 48 மணி நேரத்துக்குள் படாரென்று வரும், வாந்திதான் பெரிசு, ஒன்று முதல் மூன்று நாளில் போய்விடும். 1968-ல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பரவியதிலிருந்துதான் அதற்கு அந்தப் பெயரே வந்தது.

கைச் சுத்திகரிப்பான் வாங்கி வாசல் வாசலாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நோரோவுக்கு ஆல்கஹால் ஜெல் சரியாகக் கேட்காது. சோப்பும் ஓடுகிற தண்ணியும்தான் வேலை செய்யும். வாந்தி விழுந்த இடத்தைக் கையுறை போட்டு டிஷ்யூவால் வழித்து எடுத்துவிட்டு, வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணி 49 பங்கு கலந்து துடைத்து, சில நிமிஷம் ஈரமாகவே விட்டுவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சோடு வேறு கிளீனர் எதையும் கலக்காதீர்கள். வாந்தி எடுத்தவர் குணமாகி இரண்டு வாரம் ஆனாலும் மலத்தில் வைரஸ் போய்க்கொண்டிருக்கலாம், அதனால் கைகழுவுவதை உடனே விட்டுவிட வேண்டாம். சமைப்பது அவர் என்றால் குறைந்தது இரண்டு நாள் வேறு யாராவது சமைக்கட்டும்.

ஜூன் 8, இரவு 8.15

கெராங்கை (கடல் மட்டி) பற்றிச் சொன்னால் பினாங்கில் அடிக்க வருவார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அடித்தாலும் சொல்கிறேன். கெராங், சிப்பி வகைகள் கடல் தண்ணியை வடிகட்டியே வாழ்பவை, அந்தத் தண்ணியில் இருக்கிற நோரோவும் அவற்றுக்குள் சேர்ந்துவிடும். லேசாக வெந்நீர் காட்டி எடுத்தால் அது சாகாது. சார் குவே தியாவ் நூடுல்ஸில் கெராங் போட்டால் நன்றாக வேகட்டும். சின்னப் பிள்ளை தட்டில் பாதி வெந்த கெராங் வேண்டாம், அவ்வளவுதான்.

ஜூன் 9, காலை 11.20

"எங்கள் வீடு அவ்வளவு சுத்தம், எப்படி வந்தது?" என்று கேட்கிற தங்கச்சி, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. தடுப்பு மருந்து வருவதற்கு முன் உலகத்தில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் ஐந்து வயசுக்குள் ஒரு தடவையாவது ரோட்டா வந்திருக்கிறது, பணக்கார நாடு ஏழை நாடு என்ற வித்தியாசமே இல்லாமல். ஆனால் செத்தது பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2013-ல் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்றுவரை தாங்காதது.

ஜூன் 11, இரவு 9.30

சுங்கை பட்டாணி ஊர்க்காரருக்கு: பன்னிரண்டு நாளாக இளகியே போகிறது, காய்ச்சல் இல்லை, விளையாடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடினோ 40, 41 என்றால் ஒன்று இரண்டு வாரம்கூட இழுக்கும். இன்னொன்றும் இருக்கலாம். நுனி செல்கள் உதிர்ந்தபோது பால் சர்க்கரையைச் செரிக்கிற நொதியும் போய்விடும், கொஞ்ச நாள் பால் குடித்ததும் வயிறு உப்பி நுரைத்துப் போகும். அது தற்காலிகம்தான். இதற்காக எல்லோரும் முதல் நாளே பாலை நிறுத்திவிடாதீர்கள், அதனால்தான் இதை முன்பே சொல்லாமல் இருந்தேன். தாய்ப்பால் எப்போதும் தொடரலாம். மாவுப்பாலையும் தண்ணியாகக் கரைக்காமல் வழக்கமான அளவிலேயே கொடுங்கள். சாப்பிடுகிற குழந்தைக்குச் சோறு, பருப்பு, வாழைப்பழம், முட்டை எல்லாம் கொடுக்கலாம், பட்டினி போட்டால் குடல் தேறுவது தள்ளிப்போகும். பதினான்கு நாளைத் தாண்டினால் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். அப்போது ஜிங்க் பற்றியும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 14 நாள் வரை தினமும் 20 மில்லிகிராம், ஆறு மாசத்துக்குள் என்றால் 10 மில்லிகிராம் என்று சொல்கிறது. உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

ஜூன் 14, இரவு 10.10

"மதுரையில் என் அக்கா பிள்ளைக்கு ரோட்டா சொட்டு மருந்து இலவசமாகப் போட்டார்கள், இங்கே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க கிளினிக்) யாரும் பேச்சே எடுக்கவில்லையே" என்று ஒரு தம்பி. சரியான கேள்வி. இந்தியாவில் 2016-ல் தொடங்கி, 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ரோட்டாவேக் என்ற அவர்கள் நாட்டு மருந்தைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. அங்கே சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ககன்தீப் காங் பல வருஷம் ரோட்டாவையே ஆராய்ந்தவர். உலக சுகாதார நிறுவனம் எல்லா நாட்டுத் திட்டத்திலும் சேர்க்கச் சொன்னது 2009-ல். மலேசியாவில் இது தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் இலவச அட்டவணையில் இல்லை. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், மலிவும் இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. வார்டுக்கு வற்றிப்போய் வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள்.

ஊசி கிடையாது, வாயில் விடுகிற சொட்டு. ரோட்டாரிக்ஸ் என்றால் இரண்டு டோஸ், ரோட்டாடெக் என்றால் மூன்று. போட்ட குழந்தைக்கும் ரோட்டா வரலாம், ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குக் கடுமையாவதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நோரோவுக்கும் அடினோவுக்கும் இது கேட்காது.

ஜூன் 15, காலை 7.45

இந்தச் சொட்டு மருந்தால் ஆபத்து வருமா என்று பயந்து கேட்டவருக்கு மறைக்காமல் சொல்கிறேன். முதலில் வந்த ஒரு ரோட்டா மருந்தைக் குடல் செருகல் வந்ததால் 1999-ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அதனால்தான் ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் ஒவ்வொன்றையும் 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்து, முடிவை 2006-ல் வெளியிட்டார்கள். இவற்றிலும் அந்த அபாயம் மிகச் சிறிய அளவில் இருக்கிறது, லட்சத்தில் ஒரு சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் டோஸ் கொடுத்த ஒரு வாரத்துக்குள். வீறிட்டு அழுவதைப் பற்றி மேலே எழுதினேனே, அதை அந்த வாரம் கவனியுங்கள். என் பேத்திக்கு இதெல்லாம் தெரிந்துதான் போடச் சொன்னேன்.

ஜூன் 15, இரவு 9.00

தாஸ்காவுக்கு (குழந்தைக் காப்பகம்) எப்போது திரும்ப அனுப்பலாம்? கடைசி பேதி அல்லது வாந்தி நின்று 48 மணி நேரம் கழித்து. வேலைக்குப் போகிற அம்மாவுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் அங்கே இன்னும் பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஜூன் 17, காலை 8.20

குழந்தைக்கு இன்றைக்குப் பதின்மூன்று வாரம், அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் ரோட்டா போடலாமா என்று கேட்கிற தம்பி, தள்ளிப்போடாதீர்கள். இந்த மருந்துக்கு வயசுக் கெடு உண்டு. ஆறு வாரத்திலிருந்து ஆரம்பிக்கலாம், 15 வாரம் தொடுவதற்குள் முதல் டோஸ் உள்ளே போயிருக்க வேண்டும் என்பதுதான் பொதுவாகப் பின்பற்றுகிற கணக்கு. கடைசி டோஸ் வகையைப் பொறுத்து 24 அல்லது 32 வாரத்துக்குள். உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை. இன்றைக்கே இரண்டு மூன்று கிளினிக்குக்கு போன் போட்டு எந்த வகை கையிருப்பில் இருக்கிறது, முதல் டோஸ் எந்த வயசு வரைக்கும் கொடுப்பார்கள், ஒரு டோஸ் எவ்வளவு, மொத்தமாகக் கட்டாமல் டோஸுக்கு டோஸ் கட்டலாமா என்று கேளுங்கள். குழந்தைக்குக் குடலில் ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தாலோ குடல் செருகல் வந்திருந்தாலோ போனிலேயே சொல்லிவிடுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் போங்கள், இரண்டாவது டோஸ் தேதியை அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.